அண்டியாபீசில் எதை எங்கே வைப்பது? மேற்குக் குமரியில் ஒரு கட்டட மறுபயன்பாடு

மார்த்தாண்டத்துக்குத் தெற்கே, ரப்பரும் தென்னையும் கலந்து நிற்கிற ஒரு கிராமத்தில் பல வருடம் பூட்டிக் கிடந்த அண்டியாபீஸ் இப்போது ஊரின் பொது இடம். ஒரு கூடத்தில் பிள்ளைகள் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறார்கள். ஓர் அறையில் கிராம்பும் நல்லமிளகும் உலர்கின்றன. கோடவுனில் ஊருக்குப் பொதுவான நாற்காலியும் பாத்திரமும் இருக்கின்றன. வெளி மாவட்டக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: முந்திரிக்கொட்டை உடைக்கிற ஆலைக்குத்தான் எங்கள் பக்கத்தில் அண்டியாபீஸ் என்று பெயர். இந்த வேலையில் நான் கட்டடப் பொறியாளனாக இருந்தேன். ஊர்ப் பெயரும் உடைமையாளர் பெயரும் வேண்டாம் என்று இதை நடத்துகிற ஊர்ச் சங்கத்தார் கேட்டுக்கொண்டதால் இரண்டையும் தவிர்த்திருக்கிறேன்.

பழைய கட்டடத்தை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு ஆசைப் பட்டியலோடு வருவார்கள். நூலகம், தையல் கூடம், உடற்பயிற்சிக் கூடம், கல்யாண மண்டபம் என்று அது நீளும். பிறகு கட்டடத்தை அந்தப் பட்டியலுக்கேற்ப உடைப்பார்கள். இங்கே வரிசையைத் திருப்பினோம். எந்த அறையில் என்ன வேலை நடந்தது, அது சுவரிலும் தரையிலும் எதை விட்டுவிட்டுப் போயிருக்கிறது என்று முதலில் பார்த்தோம். அப்புறம்தான் எந்த அறையை எதற்குக் கொடுப்பது என்ற பேச்சு. செலவு குறைந்ததற்கும், கட்டடம் பெரும்பாலும் அப்படியே நிற்பதற்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

கட்டடம் இருந்த நிலை

குமரியின் மேற்குப் பகுதியும் கேரளத்தின் கொல்லமும் முந்திரித் தொழிலில் ஒரே நூலில் கோத்தவை. உள்ளூர்க் கொட்டை போதாமல் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வரும் கொட்டையை நம்பியே இந்த ஆலைகள் ஓடின. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வியட்நாம் இயந்திரங்களோடு சந்தைக்கு வந்தபின் கொட்டையின் விலைக்கும் பருப்பின் விலைக்கும் இடையே இருந்த லாபம் சுருங்கியது; சிறிய ஆலைகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. நாங்கள் எடுத்ததும் அப்படிப் பூட்டியதுதான். 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயலில் ஒரு தேக்கு அதன் கூரை மேல் சாய்ந்தது. ஆளில்லாத கட்டடம் என்பதால் ஓடு மாற்ற யாரும் வரவில்லை. அந்த ஓட்டை வழியாக வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் உள்ளே இறங்கியது. எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டும் நன்றாகப் பெய்கிற மாவட்டம் இது. கூரையில் ஒரு ஓடு விலகினாலும் கீழே இருக்கிற மரம் காயவே நேரம் கிடைக்காது.

சுவர்கள் வெட்டுக்கல், அதாவது செம்பாறையில் வெட்டி எடுத்த கல். கூரை ஓடு. கூரையின் சாய்மரமான கழுக்கோலும், ஓடு அமர்கிற குறுக்குச் சட்டமான பட்டியலும் சில இடத்தில் அயனி மரம், சில இடத்தில் பனை. பின்னால் பிற்காலத்தில் சேர்த்த ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை ஒன்று. முன்னால் கொட்டை காயப்போடுகிற பெரிய சிமெண்ட் களம். இவ்வளவையும் வாங்க இரண்டு பேர் ஏற்கெனவே வந்து பார்த்திருந்தார்கள். இருவருக்கும் கட்டடம் வேண்டியிருக்கவில்லை. ஒருவருக்கு மரமும் ஓடும். பழைய மரத்துக்கும் ஓட்டுக்கும் ரிசார்ட் கட்டுகிறவர்களிடம் இப்போது நல்ல விலை. இன்னொருவருக்கு மனை. நம் பக்கத்தில் பழைய கட்டடங்கள் இடிந்து விழுந்து சாவதைவிட இப்படிக் கழற்றி விற்கப்பட்டுச் சாவதுதான் அதிகம்.

உடைமையாளர் குடும்பத்தில் பிள்ளைகள் வளைகுடாவில் இருந்தார்கள். விற்க மனமில்லை, நடத்தவும் ஆளில்லை. ஊரார் 1975ஆம் வருடத்துச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒரு சங்கம் பதிந்து, நீண்ட காலப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, கேட்டார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட பாட்டத்தைப் பத்திரப்பதிவு செய்தே ஆகவேண்டும். வெள்ளைத் தாளில் எழுதிக்கொண்டு கட்டடத்துக்குப் பணம் போடுவது மடத்தனம். அதற்காக மூலப்பத்திரத்தைத் தேடினால் அது மலையாள எழுத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 வரை இந்த நிலம் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால் பழைய ஆவணங்கள் பலவும் அப்படித்தான். அந்தக் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒரு பெரியவரைத் தேடிப் பிடித்ததுதான் இந்தத் திட்டத்தின் முதல் செலவு.

எண்ணெய்

முந்திரிக்கொட்டையின் தோட்டுக்குள் ஓர் எண்ணெய் உண்டு. அனகார்டிக் அமிலமும் கார்டாலும் சேர்ந்த, தோலில் பட்டால் பொள்ளிவிடுகிற திரவம். கொட்டை தல்லிய, அதாவது தட்டி உடைத்த, பெண்களின் விரல்கள் கறுத்துப் போயிருப்பதற்கு இதுதான் காரணம். சாம்பலைக் கையில் பூசிக்கொண்டு தல்லுவார்கள். அதற்கு மேல் பெரிய பாதுகாப்பு எதுவும் அந்தக் காலத்தில் இல்லை. கொட்டையை வறுக்கும்போது இந்த எண்ணெய் எரிந்து கரியாகிச் சுவரில் படியும். மிச்சம் தரையில் இறங்கும். பெயிண்டுக்கும் வண்டியின் பிரேக் லைனிங்குக்கும் பயன்படுகிற பொருள்தான். ஆனால் பிள்ளைகள் வெறுங்காலோடு உட்கார்கிற தரையில் அது இருக்கக் கூடாது.

வரைபடம் போடும் முன் நாங்கள் செய்த வேலை, அங்கே முன்பு வேலை பார்த்த அக்காமாரைக் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு அறையாக நடந்தது. எந்த ஆய்வகமும் அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்காது. ஒருவர் வறுப்புக் கொட்டகையின் வாசலிலேயே நின்றுவிட்டார். "மக்களே, அந்த மூலையில கால வெக்காதே. டிரம்முக்க அடியில எண்ணெ கெடக்கும். பங்குனி வெயிலுக்குத் தரை வேர்க்கும்" என்றார். சரி என்று ஒரு நண்பகலில் வெள்ளைத் துணியைத் தரையில் அழுத்தி வைத்துப் பார்த்தோம். துணி பழுப்பாக வந்தது. தல்லுகிற கொட்டகையில் கறை லேசாக, திட்டுத் திட்டாக வந்தது. தோல் உரிக்கிற கூடத்திலும் பருப்பைத் தரம் பிரிக்கிற கூடத்திலும் துணி வெள்ளையாகவே இருந்தது. அந்தத் துணிகள்தான் எங்கள் முதல் வரைபடம்.

ஒரு வேடிக்கை: கூரை மரங்களில் கரையான் தொடாதது வறுப்புக் கொட்டகை மட்டும்தான். சுத்தமாக இருந்த கோடவுனில் உத்தரத்தைக் கத்தியால் குத்தினால் கைப்பிடி வரை இறங்கியது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. கடற்கரையில் மரவள்ளத்துக்குப் புழு ஏறாமல் இருக்க முந்திரித் தோட்டு எண்ணெய் பூசுவது பழைய வழக்கம். வருடக்கணக்கில் புகையில் நின்ற மரம் தானாகவே அந்தப் பூச்சைப் பெற்றிருக்கிறது. ஆசாரி அந்தக் கழுக்கோல்களைக் கழற்றி வாசிப்புக்கூடத்துக்குப் போடலாம் என்றார். நான் மறுத்தேன். கரையான் தின்னாத அந்த மரம் தீயை நன்றாகத் தின்னும். மின்விளக்கும் காகிதமும் இருக்கிற கூரையில் எண்ணெய் ஊறிய மரம் கூடாது. இதே காரணத்துக்காக அந்தக் கொட்டகையை வண்டி நிறுத்தும் இடமாக்கும் யோசனையும் போனது. பெட்ரோல் டாங்கிகளை அந்தக் கூரைக்குக் கீழே வரிசையாக நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை.

கடைசியில் வறுப்புக் கொட்டகைக்கு எந்தப் பயனும் கொடுக்கவில்லை. அதன் தரையைப் பெயர்த்தால் அந்தக் காரையை எங்கே கொட்டுவது? ரோட்டோரத்தில் கொட்டினால் நம் தொல்லையை இன்னொருவர் கிணற்றுக்கு அனுப்புகிறோம், அவ்வளவுதான். தரையை மூடி, சுற்றிலும் கம்பிவேலி போட்டு விட்டுவிட்டோம். சிம்னியை மட்டும் பழுது பார்த்து இடிதாங்கி வைத்தோம். இவ்வளவு இடம் வீணாகிறதே என்று சங்கத்தில் சிலருக்கு இன்னும் வருத்தம். என் பார்வையில் ஒரு பழைய தொழிற்சாலையின் ஒவ்வொரு சதுர அடியையும் பயன்படுத்தியே தீரவேண்டும் என்ற பிடிவாதம்தான் பல மறுபயன்பாட்டுத் திட்டங்களைக் கெடுக்கிறது.

தல்லு கொட்டகையின் தரையை மேலாகச் செதுக்கி எடுத்து, நீற்றிய சுண்ணாம்பைக் குழைத்துப் பரப்பி ஊறவிட்டோம். சுண்ணாம்பு பட்டால் அனகார்டிக் அமிலம் தண்ணீரில் கரையாத உப்பாக மாறும். கார்டால் அதற்கெல்லாம் முழுதாக அடங்காது என்பதால் அதன்மேல் ஈரத்தடுப்பு விரிப்பு போட்டு, புதிதாகத் தரை இட்டோம். அங்கே கூட்டம் நடக்கும், சிலம்பம் நடக்கும். சாப்பாடு பரிமாறுவதோ உணவுப் பொருள் செய்வதோ இல்லை என்று சங்கத்தின் விதியிலேயே எழுதிவைத்தோம்.

வெளிச்சமும் போர்மாவும்

தரம் பிரிக்கிற கூடத்துக்குள் முதல் தடவை நுழைந்தபோதே அது வாசிப்புக்கூடம் என்று எனக்குப் பட்டுவிட்டது. முந்திரிப் பருப்பை அளவும் நிறமும் பார்த்துப் பிரிப்பார்கள். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 300 முதல் 320 பருப்பு ஏறக்கூடிய வெள்ளை முழுப் பருப்பு. கொஞ்சம் பழுத்த நிறம் கலந்தாலும் தரம் இறங்கிவிடும். டியூப்லைட் வெளிச்சத்தில் அந்த வித்தியாசம் தெரியாது. அதனால் கட்டியவர்கள் வடக்குச் சுவர் முழுக்க ஜன்னல் வைத்திருந்தார்கள். வெயில் நேராக விழாத, நிழல் அதிகம் விழாத வெளிச்சம். காலையிலிருந்து சாயங்காலம் வரை விளக்கே வேண்டாம். இதைக் காசு கொடுத்துப் புதிதாக வடிவமைத்தாலும் இவ்வளவு நன்றாக அமைந்திருக்குமா தெரியாது. கூடம் ஏறக்குறைய 80 அடி நீளம், 22 அடி அகலம். சுவர் எதையும் தொடவில்லை. ஜன்னல் திண்டுகளின் உயரத்துக்கு மேசை போட்டோம்.

போர்மா என்பது உடைத்த பருப்பைச் சூடான காற்றில் உலர்த்தும் அறை. தட்டுத் தட்டாக அடுக்கிக் கதவை மூடி, அடியிலிருந்து சூடு ஏற்றுவார்கள். தோல் தளர்ந்து கையாலேயே உரிந்து வரும். தோட்டு எண்ணெய் புழங்காத பகுதி அது. சங்கத்தின் முதல் பட்டியலில் இந்த அறை கணினி மையமாக இருந்தது. ஜன்னலே இல்லாத செங்கல் பெட்டிக்குள் கணினியா! மலையடிவாரத்துத் தோட்டக்காரர் ஒருவர்தான் கேட்டார்: மழையில் கிராம்பு பூஞ்சை பிடிக்கிறது, நல்லமிளகு காயமாட்டேன் என்கிறது, இதில் உலர்த்தக் கூடாதா? குமரிக் கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் ஈரம் போகாத சரக்குக்கு எந்தக் குறியீடும் விலை தராது. எனவே போர்மாவைப் போர்மாவாகவே விட்டோம். தட்டுகளை மாற்றினோம், புகை உள்ளே கசியாதபடி அடுப்புக் குழாயை மாற்றினோம், வெப்பமானி வைத்தோம், உணவுப் பாதுகாப்புப் பதிவு வாங்கினோம். கிராம்பின் மணம் எண்ணெயில் இருப்பதால் பருப்புக்குக் கொடுக்கிற அளவு சூட்டைக் கொடுக்கக் கூடாது. அதைக் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் சரக்கு பலியானது. சூட்டைக் கவனிக்கிற பொறுப்பு இப்போது முன்பு அங்கேயே போர்மா பார்த்த இரண்டு அக்காமாரிடம் இருக்கிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கும் கூலிதான் கட்டடத்தின் கரண்டு பில்லைக் கட்டுகிறது.

கோடவுன் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தடித்த சுவர், உயர்ந்த தரை, குறைந்த ஜன்னல். உத்தரங்களை மாற்றியபின் அது கோடவுனாகவே இருக்கிறது. ஒக்கியின்போது அரிசி வைக்க ஈரமில்லாத ஓர் இடம் ஊரில் கிடைக்கவில்லை என்பது பலருக்கும் நினைவிருந்ததால் ஒரு பகுதியை அதற்காக ஒதுக்கியிருக்கிறார்கள். குழந்தைகள் அறை என்று ஒன்றும் இருந்தது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் தொட்டில் அறை வேண்டும் என்றது அப்போதிருந்த 1948ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டம். அந்த அறையில் ஒரு காலத்திலும் குழந்தை இருந்ததில்லை, தகர டின்தான் இருந்தது என்று அக்காமார் சிரித்தார்கள். இப்போது அங்கே உண்மையிலேயே சின்னப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

கூரை, சுவர், தண்ணீர்

அதிகப் பணம் கூரைக்குத்தான் போனது. இந்த மாதிரி ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 15 பிடிக்கும்; வாசிப்புக்கூடத்துக்கு மட்டும் ஏறக்குறைய மூவாயிரத்து ஐநூறு. எல்லாவற்றையும் இறக்கி, பாசி தேய்த்து, ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தோம். கணீரென்று சத்தம் வந்தால் நல்லது. மந்தமாக வந்தால் உள்ளே விரிசல். குறைந்த ஓட்டுக்குப் பக்கத்தில் இடித்த வீடுகளிலிருந்து வாங்கினோம். இங்கே ஒரு எச்சரிக்கை. மங்களூரில் 1865இல் பாசல் மிஷன் ஓட்டு ஆலை தொடங்கியபின் அதே மாதிரியில் எத்தனையோ ஆலைகள் வந்தன. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் வரப்பும் பள்ளமும் ஆலைக்கு ஆலை மாறும். அடியில் இருக்கிற முத்திரையைப் பார்த்து ஒரே ஆலையின் ஓட்டை ஒரே சரிவில் போடவில்லை என்றால் மழை உள்ளே வரும். உடைந்த ஓட்டை வீணாக்கவில்லை. கழிப்பறைக் கட்டடம் மட்டும் புதிது. அதன் கான்கிரீட் தளத்தில் இழுவிசையைக் கம்பியே தாங்குகிற, கான்கிரீட்டுக்கு வேலையில்லாத கீழ்ப்பகுதியில் ஓட்டுத் துண்டுகளைப் பதித்தோம். பக்கத்துத் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த லாரி பேக்கர் பரப்பிய முறை இது. சிமெண்ட் மிச்சம். சோலார் தகடுகளையும் அந்தத் தளத்தின் மேலேயே வைத்தோம். ஓட்டுக்கூரையில் ஆள் ஏறி இறங்குவது கூரைக்கு ஆகாது.

சுவரில் பெரிய சண்டை சிமெண்டுக்கும் சுண்ணாம்புக்கும். யாரோ முன்பு வெட்டுக்கல்லின் கீழ்ப்பகுதியில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சுக்குப் பின்னால் தங்கி, கல் உப்புப் பூத்து உதிர்ந்துகொண்டிருந்தது. ஒப்பந்தக்காரர் இன்னொரு கனமான சிமெண்ட் பூச்சுதான் தீர்வு என்றார். நாங்கள் இருந்ததையும் உரித்துவிட்டுக் கும்மாயம் என்கிற சுண்ணாம்புச் சாந்து பூசினோம். சுண்ணாம்பைக் குழியில் வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும், கை பழகிய கொத்தனார் வேண்டும், இறுகக் காத்திருக்க வேண்டும். வேலை நீண்டது உண்மை. ஆனால் சுவர் மூச்சு விடுகிறது. சிமெண்ட் தயாரிப்பில் வெளிவரும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதல்ல, சுண்ணாம்புக்கல்லே சிதைவதால் வருவது. எவ்வளவு நல்ல உலையில் சுட்டாலும் அது வரும். ஏற்கெனவே நிற்கிற சுவரை அப்படியே நிற்க விடுவதைவிடப் பெரிய சிக்கனம் கட்டடத் துறையில் கிடையாது. டாரஸ் என்கிற பெரிய லாரிகளில் நம் மலை கல்லும் ஜல்லியுமாக உடைபட்டுத் தினமும் போவதைப் பார்க்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பத்மநாபபுரம் அரண்மனையில் இருப்பது போலக் கறுத்த பளபளப்புத் தரை வேண்டும் என்று ஒருவர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார். காவித்தரைதான் போட்டோம்.

களத்தின் சரிவு ஏற்கெனவே ஒரு மூலையை நோக்கி இருந்தது, கொட்டை காயும்போது மழை வந்தால் தண்ணீர் ஓடிவிட. ஆனால் அதில் இத்தனை வருடத்துத் தூசியும் கொட்டைப் பொடியும் இருப்பதால் அந்தத் தண்ணீரைச் செடிகளுக்கு விட்டோம். வாசிப்புக்கூடத்தின் கூரைத் தண்ணீரை மட்டும் தொட்டிக்கு எடுத்தோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 200 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் கணக்குக்கு 2,000 லிட்டர். கழிப்பறைக்கு அது வருடத்தில் பெரும்பகுதிக்குப் போதும். களத்தில் பகலில் படங்கு விரித்து நல்லமிளகு, சாயங்காலம் வாலிபால்.

அனுமதி, பணம், மிச்சமிருப்பவை

தொழிற்சாலையைப் பொது இடமாக்குவது பயன்பாட்டு மாற்றம். 2019ஆம் வருடத்து ஒருங்கிணைந்த கட்டட விதிகளின்படி அதற்குத் திட்ட அனுமதி வேண்டும். பொதுமக்கள் கூடும் கட்டடம் என்பதால் 1965ஆம் வருடத்துப் பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டமும் வரும். உறுதிச் சான்றும் தாசில்தாரின் உரிமமும் வேண்டும். வாசலில் படிக்குப் பதிலாக ஒன்றுக்குப் பன்னிரண்டு சரிவில் ஏற்றப்பாதை வைத்தோம். வயதான அக்காமார் யாரும் படியைத் தேடுவதில்லை.

கல்யாண மண்டபமாக்கினால் கடன் சீக்கிரம் அடையும் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. நான் எதிர்க்கிறேன். மண்டபம் என்றால் சமையல், ஜெனரேட்டர், ஏசி, ஓட்டுக்கு அடியில் தெர்மாகோல். இரண்டு வருடத்தில் வடக்கு ஜன்னல்களை அடைத்துவிடுவார்கள். ஆனால் எதிர்ப்பதற்கு மாற்று வருமானம் காட்ட வேண்டும். போர்மா கூலியும் நாற்காலி, பாத்திர வாடகையும் அன்றாடச் செலவைச் சமாளிக்கின்றன. வருடா வருடம் எடவப்பாதிக்கு முன் ஓடு திருப்புகிற செலவு இன்னும் நன்கொடையில்தான் நடக்கிறது. இந்தக் கட்டடத்தை முன்பு கொன்றதே அந்த ஒரு செலவு நின்றுபோனதுதான் என்பதால், அதற்காகத் தனி வைப்புத்தொகை போடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வாசிப்புக்கூடத்துக்கு அங்கே வேலை செய்த அக்காமார் வருவதில்லை. அவர்கள் பேத்திமார் வருகிறார்கள். அக்காமார் போர்மா பக்கமும் கூட்டத்துக்கும் வருகிறார்கள். இதைக் குறையாகச் சொன்ன ஒரு பார்வையாளரிடம் ஓர் அக்கா, "இத்தன வருசம் அந்த ஜன்னலுக்க கீழ குனிஞ்சு இருந்தாச்சு, போதும்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

பின்புறத்து ஆஸ்பெஸ்டாஸ் தகடுகள் இன்னும் முடியாத கதை. உடைக்காமல், தண்ணீர் தெளித்து நனைத்து, முகமூடி போட்டு முழுசாக இறக்கினோம். உடைந்தால் கிளம்பும் நார் நுரையீரலுக்குப் போகும். இறக்கிய தகடுகளை மாட்டுத் தொழுவத்துக்குக் கேட்டு நாலைந்து பேர் வந்தார்கள், கொடுக்கவில்லை. தடித்த பிளாஸ்டிக்கில் சுற்றி வேலிக்கு உள்ளே அடுக்கியிருக்கிறோம். அபாயக் கழிவை முறைப்படி வாங்கிப் புதைக்கிற தளத்துக்கு அனுப்ப லாரி வாடகையைக் கேட்டபோது, கூரை மரத்துக்கு ஆன செலவில் ஒரு நல்ல பங்கு வந்தது. அடுத்த பொதுக்குழுவில் அதற்குப் பணம் ஒதுக்கும் தீர்மானம் வருகிறது.